வெர்னா கேட்ட குந்தாலி

வெர்னா கிட்சன் வந்தபோது நான் முகமூடி போட்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். தீப்பொறி அடங்கும்வரை அவள் பட்டறை வாசலிலேயே நின்றாள். மருத்துவமனைச் சமையலறையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். மேலங்கியைக்கூட அவிழ்க்கவில்லை, அதில் பூசணிக்காய்க் கறை இருந்தது.

"குந்தாலி ஒண்ணு வேணும் லெஸ்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அது 1997 ஏப்ரல். பெர்த்திலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவிலுள்ள எங்கள் மவுன்ட் காரோவில், நவம்பரில் தொடங்கும் கோடை ஏப்ரலில்தான் இறங்கும். ஐந்து மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் டிடெக்டரைத் துடைத்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, காட்டுக்குள் தங்கம் தேடக் கிளம்புவார்கள். வண்டிகளுக்கு வெல்டிங் வைப்பதுதான் என் தொழில். சாலை போடுகிற கிரேடர் வண்டியின் தேய்ந்த அலகை வெட்டிக் குந்தாலி அடிப்பது கூடவே ஒட்டிக்கொண்டது. ஊரில் டிடெக்டர் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இடுப்பில் தொங்குவது நான் செய்ததுதான். ரெஜ்ஜின் இடுப்பில் தொங்கியதும் அப்படித்தான்.

ரெஜ் கிட்சன் வெர்னாவின் புருஷன். இருபத்தாறு வருஷம் கிரேடர் ஓட்டியவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தங்கம் தேடுவதைத் தவிர வேறு நினைப்பில்லாமல் இருந்தான். முந்தின அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆட்டுக்கறி வைத்த ரொட்டியும் ஐந்து லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். திரும்பி வரவில்லை. அவன் வண்டி ஹாலோவே கிணற்றில் தண்ணீர் இறைக்கும் காற்றாடிக்குக் கீழே பூட்டியபடி நின்றது. போலீஸ் வந்தது, ஆட்டுப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள், சின்ன விமானம் ஒன்று மூன்று நாள் சுற்றியது. வியாழக்கிழமை இரவு இடியோடு மழை கொட்டி, வருஷத்துக்கு ஒரு முறைகூட ஓடாத ஓடைகளெல்லாம் ஓடின. அவன் கால்தடம் அதோடு போயிற்று. ஒன்பது நாள் தேடிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

இது நடந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பாரில் ஏற்கெனவே பேச்சு கிளம்பியிருந்தது. ஆட்டு ரோமம் கத்தரித்தே முதுகு வளைந்துபோன ஹெக் டன்ஸ்டன்தான் அதைத் தொடங்கினான். "புருஷனைப் புதைக்கவே இல்ல, அதுக்குள்ள பொம்பளை புது டிடெக்டர் வாங்கியிருக்கா. அவன் கண்டுபிடிச்ச இடம் எங்கேன்னு இவளுக்குத் தெரியும் போல." எனக்கும் கிட்டத்தட்ட அதே எண்ணம்தான் ஓடியது.

மேசை மேல் நான்கு குந்தாலிகளை எடுத்து வைத்தேன். இருப்பதிலேயே லேசானதை முதலில் அவள் கையில் கொடுத்தேன். பெண்கள் கேட்டால் அதைத்தான் கொடுப்பது என் வழக்கம்.

அவள் அதைப் பட்டறைக்குப் பின்னால் கொண்டுபோனாள். அங்கே வண்டிகள் ஏறி இறங்கிச் செம்மண் சிமெண்டுபோல இறுகிக் கிடக்கும். ஓங்கி ஒரு போடு போட்டாள். குந்தாலி துள்ளி எழுந்தது. தரையில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான்.

"இது தரையைத் தட்டித் தூங்க வெக்குது லெஸ். தோண்டற மாதிரி தெரியல."

"கனமா இருந்தா கை போயிடும் வெர்னா. நாள் பூரா தூக்கணும்."

"நாப்பது பேருக்குச் சூப் கொதிக்கிற அண்டாவை நான் இருபது வருஷமா இறக்கி வெக்கிறேன். என் கையைப் பத்தி நீ கவலைப்படாதே."

கனமானதைக் கொடுத்தேன். அதன் தலை ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் நாலு விரல் அகல அலகாகவும் இருக்கும். அவள் தோளுக்கு மேல் தூக்கவேயில்லை. இடுப்பு உயரம் எடுத்துத் தானாக விழ விட்டாள். அலகு ஒரு சாண் இறங்கி நின்றது. கனமான தலைதான் வேலை செய்யும், ஆள் வழிகாட்டினால் போதும். இது புரியாமல் முதல் வருஷமே தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்ளும் ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேர் உண்டு.

"கனம் சரியா இருக்கு," என்றாள். "ஆனா இந்தக் கூர் வேண்டாம். வெட்டி எடுத்துடு."

"கூர் இல்லாம சரளைப் பாறையை எதை வெச்சுக் குத்துவே?"

"நான் குத்தப் போறதில்ல. அந்தப் பக்கமும் அலகு வெச்சுக் குடு. இதைவிட ரெண்டு மடங்கு அகலமா, மேலாகச் சீவி எடுக்கிற மாதிரி. மூலை ரெண்டையும் மழுக்கிடு."

"அகலமா இருந்தா ஒவ்வொரு தடவையும் கூடை மண்ணு வரும். அதுக்குள்ள தங்கத் துணுக்கைத் தேடறது பெரிய பாடு."

"தங்கம்னு நான் சொல்லவே இல்லையே."

நான் அவளைப் பார்த்தேன். அவள் குந்தாலித் தலையில் நான் பதித்திருந்த காந்தத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தங்கம் தேடுகிறவர்களுக்குப் பெரிய தொல்லை இரும்பு. பழைய ஆணி, கம்பித் துண்டு, லாடம் என்று எதற்கும் டிடெக்டர் கத்தும். தோண்டிய மண்ணில் காந்தத்தை ஒரு முறை இழுத்தால் இரும்பு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த இடம் பார்ப்பார்கள்.

"இதுல ஒரு காந்தம்தான் இருக்கு. மூணு வெச்சுக் குடு."

"மூணு எதுக்கு?"

"எல்லாரும் இரும்பை எறியறதுக்குக் காந்தம் கேக்கறாங்க. எனக்கு இரும்புதான் வேணும். ரெஜ் பூட்ஸ்ல இரும்பு கிடையாது, டிடெக்டர் கத்தும்னு போட மாட்டான். ஆனா பேனாக்கத்தி இருந்துச்சு. சாவி வளையம் இருந்துச்சு. முதுகுல பேட்டரி, கையில டிடெக்டர். எல்லாத்தையும் விடப் பெரிய இரும்பு, நீ செஞ்சு குடுத்த குந்தாலி. அந்த மழையில மண்ணு மூடியிருக்கும் லெஸ். ஆளுங்க கண்ணால தேடினாங்க. மண்ணுக்குள்ள இருக்கறது கண்ணுக்கு எப்படித் தெரியும்?"

கூர் ஏன் வேண்டாம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தேன்.

"வெள்ளிக்கிழமை வா, முடிச்சு வெக்கிறேன்," என்றேன்.

அந்த நான்கு நாளும் நான் வேறு வேலை தொடவில்லை. கிரேடர் அலகில் நல்ல துண்டாகத் தேர்ந்தெடுத்து வெட்டினேன். இரண்டு பக்கமும் அலகு வைத்தேன். மூலைகளை அரத்தால் மழுக்கி, உள்ளங்கையில் அழுத்தினாலும் கீறாத அளவுக்குத் தேய்த்தேன். மூன்று காந்தத்தையும் உச்சியில் வரிசையாகப் பதித்தேன். காம்புக்கு மட்டும் அவள் வர வேண்டியிருந்தது. நின்றபடி கையைத் தொங்கவிட்டால் தரையிலிருந்து மணிக்கட்டு வரை எவ்வளவோ அவ்வளவு நீளம் வேண்டும். அதைவிடக் குட்டையானால் முதுகு போகும்.

வெள்ளிக்கிழமை அவள் வந்து நின்றாள். காம்பை அவள் பக்கத்தில் நிறுத்தி அளந்தேன். குனிந்திருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"வெர்னா, ரெஜ் அன்னைக்கு எங்க போனான்னு எனக்கு அப்பவே தெரியும்."

காம்பில் அவள் மணிக்கட்டு உயரத்துக்குக் கோடு போட்டபடியே மேலே சொன்னேன்.

"காணாமப்போறதுக்கு முந்தின வாரமே சொல்லியிருந்தான். காற்றாடிக்கு வடக்கே பதினோரு கிலோமீட்டர், வெள்ளைப் பாறை முகட்டுக்குப் பின்னாடி. வண்டியைக் காற்றாடிக்குக் கீழே விட்டுட்டு நடந்து போவேன், அப்பதான் எவனும் பின்னாடி வர மாட்டான்னான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினான்."

"அதைத்தான் நீ போலீஸ்ல சொன்னியே. ஞாபகம் வந்துச்சுன்னு."

"அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். புதன்கிழமை காலையிலயே கேட்டாங்க. ஞாபகம் இல்லாம இல்ல. அவன் சாயங்காலத்துக்குள்ள நடந்து வந்துடுவான், வந்து இடத்தைக் காட்டிக் குடுத்துட்டியேடான்னு என்னைத் திட்டுவான்னு நெனச்சேன். வாயைத் திறக்கல. ரெண்டு நாள் எல்லாரும் காற்றாடிக்குத் தெக்கே தேடினாங்க. அப்புறம் மழை வந்துடுச்சு."

பக்கத்துப் பெட்ரோல் பங்கில் யாரோ வண்டியின் கதவைச் சாத்தினார்கள். வெர்னா என் கையிலிருந்த காம்பை மெதுவாக வாங்கினாள். தலை மாட்டாத வெறும் காம்பு. அதையும் மேசை மேலிருந்த குந்தாலித் தலையையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வாரம் அவளைப் பார்க்கவில்லை. மருத்துவமனைப் பக்கம் போக வேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போனேன். நான்காவது ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. வெர்னா வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் டிடெக்டரும் தண்ணீர் கேன்களும் கிடந்தன. குந்தாலிக்குக் காம்பை அவளே மாட்டி, ஆப்பு அடித்திருந்தாள்.

"ஏறு," என்றாள். "அந்த இடத்தைக் காட்டு."

வெள்ளைப் பாறை முகட்டுக்கு வழி காட்டினேன். இறங்கியதும் அவள் ஒரு வரைபடத்தை வண்டி முகப்பில் விரித்துக் கல் வைத்தாள். முகட்டிலிருந்து காற்றாடி வரைக்கும் பென்சிலால் கட்டம் போட்டிருந்தாள். நூற்றுக்கு மேல் இருக்கும்.

"நான் டிடெக்டரைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போறேன். நீ சங்கிலியை இழுத்துக்கிட்டு வா."

பின்னால் சங்கிலி இழுபட்டால் செம்மண்ணில் கோடு விழும். போன இடத்துக்கே மறுபடி போகாமல், விட்ட இடம் ஏதும் இல்லாமல் பார்க்க அது உதவும். தங்கம் தேடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அன்று முழுக்க அவளுக்குப் பின்னால் நான் சங்கிலி இழுத்தேன். டிடெக்டர் கத்தும் இடத்தில் அவள் ஹெட்போனைக் கழற்றாமல் குனிந்து, மண்ணைத் தோல் தோலாகச் சீவினாள். ஒரு முறை நான் குந்தாலியை வாங்கக் கை நீட்டினேன்.

"வேண்டாம்," என்றாள். "தோண்டறது நான்."

மத்தியானம் முல்கா என்கிற வேல மரத்தடியில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். ஈ மொய்த்தது. அவள் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொரு வருஷம் அவனோட குடும்பம் நடத்தியிருக்கேன். ஒரு தடவைகூட எங்க போறேன்னு சரியாச் சொன்னதில்ல. கேட்டா, அதோ அந்தப் பக்கம்னு கையைக் காட்டுவான். நான் பேச்சுவாக்குல சொல்லிடுவேன்னு பயம்." கோப்பையைக் கீழே வைத்தாள். "உனக்குச் சொல்லியிருக்கான் லெஸ். ரெண்டு நாள் நீ சொல்லாததைக்கூட ஒரு மாதிரி புரிஞ்சுக்கறேன். என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட சொல்லியிருக்கான் பாரு, அதுதான் எனக்கு ஆறல."

மிச்ச டீயைக் குடித்துவிட்டு மறுபடி சங்கிலியை எடுத்தேன்.

அந்தக் குளிர்காலம் அவள் ஒரு ஞாயிறும் விடவில்லை. அடுத்த வருஷமும் அப்படித்தான். கோடையில் மட்டும் வரைபடத்தை மடித்து வைப்பாள். பல நாள் தனியாகப் போவாள். கூப்பிட்டால் நானும் போவேன். லாடமும் டின் மூடியும் துப்பாக்கித் தோட்டாவும் கிடைத்தன, நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே கூடாரம் போட்டவர்கள் விட்டுப்போன கொக்கியும் ஆணியும் கிடைத்தன. காந்தத்தில் ஒட்டும் ஒவ்வொன்றையும் எச்சில் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் விடுவாள். கிளம்புமுன் எல்லாக் குழியையும் மூடுவாள்.

தங்கமும் கிடைத்தது. 98 ஜூனில் மொச்சைக்கொட்டை அளவு ஒரு கட்டி, நல்ல மஞ்சள், ஒரு ஓரத்தில் வெள்ளைக்கல் ஒட்டிக்கொண்டு. நானாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து சுற்றிலும் கிளறியிருப்பேன். அவள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழியை மூடினாள்.

"ரெஜ் இருந்தா இந்நேரம் குதிச்சிருப்பான்," என்றாள். "இந்த வருஷப் பெட்ரோலுக்கு ஆச்சு. நட."

இதையெல்லாம் நான் பாரில் சொன்னேன். ஹெக் டன்ஸ்டன் அன்று கேட்டுக்கொண்டே இருந்தான். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வெர்னாவின் தண்ணீர் கேன்களை அவன்தான் நிரப்பி வண்டியில் ஏற்றினான். மன்னிப்பென்று வாய்விட்டுக் கேட்டதாக எனக்குத் தெரியாது. பெர்த்திலிருந்து அவள் மகள் கரோல் மட்டும் போன் பண்ணி, "போதும்மா, விட்டுடு," என்று அழுவாளாம். "இன்னும் கட்டம் மிச்சம் இருக்கு," என்பாளாம் வெர்னா.

99 ஜூலையில், பதினெட்டுக் கட்டம் மிச்சம் இருக்கும்போது, அவள் ரெஜ்ஜைக் கண்டுபிடித்தாள். அன்று நான் கூட இல்லை. அவள் பிற்பாடு சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

ஓடை வளைகிற இடத்தில், கரையோர வண்டல் மேல் டிடெக்டர் தாழ்ந்த குரலில் நீளமாகக் கத்தியது. பெரிய இரும்பு. எண்ணெய் டின்னாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டு முறை சீவினாள். மூன்றாவது முறை அலகு எதன் மீதோ வழுக்கியது. மண்ணை ஒதுக்கினாள். குந்தாலித் தலை. காம்பு நுழைகிற துளைக்குப் பக்கத்தில் நான் அடிக்கும் முத்திரை இருந்தது. அவள் தன் குந்தாலியைத் தூரப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் கையால் அள்ளினாள். காம்பு முழுசாக வந்தது. அதற்கு அப்பால் ஒரு சட்டைக் கையின் நுனியும் பொத்தானும் தெரிந்தன. அந்தப் பொத்தான் மட்டும் வேறு நிறம், பழையது விழுந்தபோது கைக்குக் கிடைத்ததை வைத்து அவளே தைத்தது.

அதற்கு மேல் அவள் தோண்டவில்லை. தன் தொப்பியைக் கழற்றி அந்த இடத்தின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, பண்ணை வீட்டுக்குப் போய்ப் போலீசுக்குப் போன் செய்தாள்.

குந்தாலியை அடையாளம் காட்ட சார்ஜென்ட் என்னைக் கூட்டிப்போனார். முத்திரையைப் பார்த்துத் தலையாட்டினேன். ஓடை வளைவு வெள்ளைப் பாறை முகட்டுக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டர். அவன் வழி தவறவில்லை. காற்றாடியை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தான். எலும்பு ஒன்றும் முறியவில்லை. நெஞ்சுவலியாக இருக்கலாம் என்றார்கள், வெயிலாகவும் இருக்கலாம் என்றார்கள்.

நான் சார்ஜென்ட்டிடம் கேட்டேன். "புதன்கிழமை உயிரோட இருந்திருப்பானா?"

"இத்தனை வருஷம் கழிச்சு அதை யாராலயும் சொல்ல முடியாது லெஸ்."

வெர்னா வண்டியில் சாய்ந்து நின்றிருந்தாள். முழங்கால் இரண்டும் செம்மண்.

"அவர் சொன்னதைக் கேட்டியா?" என்று என்னிடம் கேட்டாள்.

"கேட்டேன்."

"அதுக்கு மேல என்கிட்டயும் ஒண்ணும் இல்ல. நீ அதோடதான் இருக்கணும். நானும் அதோடதான் இருக்கேன்."

மன்னித்தாளா என்று அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. ரெஜ்ஜை ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தோம். கரோல் வந்திருந்தாள். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவனாக வெர்னா என் பெயரைச் சொல்லியிருந்தாள். தூக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றைச் சொன்னால்தான் அவளைப் பற்றிச் சொன்னதாகும். 2002 செப்டம்பரில், தெற்கிலிருந்து தங்கம் தேட வந்த இரண்டு நண்பர்களில் ஒருவன் காணாமல்போனான். காலின் என்று பெயர். மற்றவன் கிரெய்க். ஒரு ராத்திரி கழிந்தும் ஆள் வரவில்லை என்று கிரெய்க் போலீசுக்கு வந்தான். எங்கே போனான் என்று கேட்டால் மட்டும், தெரியாது, தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தான். தேடப் போகும் எங்களுக்கு வெர்னா ரொட்டி கட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு வந்தாள். கிரெய்க்கின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிடு," என்று ஒரு ரொட்டியைக் கொடுத்தாள். "உன் சிநேகிதன் இடத்தைச் சொல்லியிருக்கான், இல்லையா?"

அவன் ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தான்.

"சொல்ல மாட்டேன்னு அவன்கிட்ட வாக்குக் குடுத்திருப்பே. நல்ல விஷயம்தான். அதோ நிக்கிறானே, லெஸ், அவனும் இப்படித்தான் என் புருஷனுக்கு வாக்குக் குடுத்தான். ரெண்டு நாள் காப்பாத்தினான். நான் என் புருஷனை மூணாம் வருஷம் மண்ணுக்குள்ளேருந்து எடுத்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது. நான் தரையைப் பார்க்கவில்லை. கிரெய்க்கைப் பார்த்து, "ஆமா," என்றேன்.

அவன் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த வரைபடத்தில் விரலை வைத்தான். நாங்கள் போகவிருந்த திசைக்கு நேர் எதிர்த் திசை.

மத்தியானத்துக்குள் காலினைக் கண்டுபிடித்தோம். பழைய சுரங்கக் குழி ஓரம் சரிந்து கணுக்கால் முறிந்து, உதடு வெடித்து, கிழிந்த தார்ப்பாய்த் துண்டின் நிழலில் கிடந்தான். உயிர் இருந்தது. வெர்னா அவன் தலையை மடியில் தூக்கி வைத்து, பிளாஸ்க் மூடியில் தண்ணீர் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள்.

நாலு மூடி உள்ளே போன பிறகு அவனுக்குக் குரல் வந்தது.

"யாரு சொன்னது, இந்த இடத்தை?"

"உன் சிநேகிதன்."

"அந்தப் பயலா. இனி நான் எழுந்து வர்றதுக்குள்ள எல்லாத்தையும் அவனே தோண்டி எடுத்துடுவான்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். வெர்னா சிரிக்கவில்லை.

"தோண்டட்டும்," என்றாள். "நீ குடி."

அவன் வாயில் அடுத்த மூடியை வைத்தாள்.